ஓர் இணையவழிச் சர்க்கரைப்பூ வகுப்பு: எட்டு வாரங்களுக்குப் பின் ஒரு மதிப்புரை

கேக் அலங்காரத்துக்கான சர்க்கரைப்பூக்களைச் செய்யக் கற்றுத்தரும் எட்டு வார இணையவழி வகுப்பு ஒன்றை அண்மையில் முடித்தேன். காணொளிப் பாடங்கள், வாரத்துக்கு ஒரு நேரலைச் சந்திப்பு, வகுப்பு தொடங்குமுன் அஞ்சலில் வந்து சேரும் கருவிப்பெட்டி ஆகிய மூன்றும் அடங்கிய தொகுப்பு அது. பட்டர்க்ரீமில் பூப் பிழியவும் கேக்குக்கு ஃபாண்டன்ட் என்னும் மென்மையான சர்க்கரைப் பிசைவைப் போர்த்தவும் எனக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு. கம்பியில் ஒவ்வோர் இதழாகக் கட்டி எழுப்பும் பூவை மட்டும் அதுவரை முயன்றதில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையைப் பழக்குவதில் இந்த வகுப்புக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். ஆனால் செய்து முடித்த பூவைக் காற்றின் ஈரத்திலிருந்து காப்பது எப்படி, உண்ணும் பொருளின் மேல் அதைப் பாதுகாப்பாக வைப்பது எப்படி என்னும் இரண்டிலும் பாதி மதிப்பெண்கூடத் தர எனக்கு மனம் வரவில்லை.

முதல் வாரத்தில் சர்க்கரையைத் தொடவே விடவில்லை. உண்மையான ரோஜா ஒன்றை எடுத்து, வெளியிலிருந்து உள்நோக்கி ஒவ்வோர் இதழாகப் பிரித்து, பிரித்த வரிசையிலேயே வெள்ளைத்தாளில் ஒட்டி, ஒவ்வொன்றின் அகலத்தையும் வளைவையும் பக்கத்தில் குறித்து வரும்படி ஆசிரியர் சொன்னார். கட்டணம் செலுத்திவிட்டுக் காத்திருப்பவருக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. தாளில் வரிசையாக ஒட்டிய இதழ்களைப் பார்த்தபோதோ, நான் இத்தனை ஆண்டுகள் ரோஜா என்று பிழிந்துகொண்டிருந்தது ரோஜாவே அன்று என்பது விளங்கிவிட்டது. வெளி இதழ்கள் அகன்று, ஓரத்தில் பின்னோக்கிச் சுருண்டிருந்தன. உள்ளே போகப் போக இதழ் குறுகி, நடுவில் ஒன்றிரண்டு எந்த ஒழுங்குக்கும் அடங்காமல் மடிந்து கிடந்தன. அடியிலுள்ள ஐந்து புல்லிகளும் ஒன்றுபோல் இல்லை. இரண்டுக்கு இரு ஓரங்களிலும் மெல்லிய பிசிறுகள் இருந்தன, இரண்டுக்கு அறவே இல்லை, எஞ்சிய ஒன்றுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தது. மொட்டாக இருக்கும்போது புல்லிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், மூடப்படாமல் வெளியே நிற்கும் ஓரத்தில் மட்டுமே பிசிறு வளர்கிறது என்று ஆசிரியர் விளக்கினார். பின்னர் சர்க்கரைப் புல்லியின் ஓரத்தைச் சிறு கத்தரிக்கோலால் இதே கணக்கில் கீறிவிட்டபோது, பூவின் அடிப்பாகம் அச்சில் வார்த்ததுபோல் தோன்றாமல் செடியில் பறித்ததுபோல் தோன்றியது. இந்த ஒரு வாரத்துக்காகவே கட்டணத்தின் பெரும்பகுதியைக் கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டாம் வாரம் கம் பேஸ்ட், அதாவது பூ செய்வதற்கான சர்க்கரைப் பிசைவு. கேக்கின் மேல் போர்த்தும் ஃபாண்டன்ட் மென்மையாகவே இருக்க வேண்டும் என்பதற்காக அதில் கிளிசரினும் குளுக்கோஸும் சேர்க்கிறார்கள். அவை நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், ஃபாண்டன்டில் செய்த மெல்லிய இதழ் எத்தனை நாள் காய்ந்தாலும் தளர்வாகவே நிற்கும். கம் பேஸ்ட்டின் இயல்பு வேறு. ஐசிங் சர்க்கரை, முட்டை வெள்ளை, ஷார்ட்னிங் என்னும் கெட்டிக் கொழுப்பு சிறிது ஆகியவற்றோடு, இழுத்தால் கிழியாத தன்மையைத் தரும் பிசின் ஒன்று அதில் சேர்கிறது. பழைய முறையில் அந்தப் பிசின் டிராககாந்த், அதாவது அஸ்ட்ராகலஸ் இனத்து முட்செடிகளிலிருந்து கசிந்து உலரும் சாறு. 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய விருந்துகளில் சர்க்கரையாலேயே தட்டும் கோப்பையும் செய்து வைத்து, விருந்து முடிந்ததும் அவற்றையும் உடைத்துத் தின்றவர்கள் நம்பியிருந்ததும் இதே பிசினைத்தான். இப்போது டைலோஸ் என்று விற்கப்படும், செல்லுலோஸிலிருந்து செய்த சிஎம்சி தூளே பெரும்பாலும் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. வகுப்பில் கொடுத்த அளவு, இத்துறையில் பரவலாக வழங்கிவரும் அளவுதான்: 4 முட்டையின் வெள்ளைக்கரு, 900 கிராம் ஐசிங் சர்க்கரை, 12 தேக்கரண்டி டைலோஸ், 4 தேக்கரண்டி ஷார்ட்னிங். பிசைந்து, காற்றுப்படாமல் இரண்டு உறைகளில் சுற்றி, ஒரு நாள் முழுவதும் வைத்திருந்தபின் எடுத்தால், விரல்களுக்கிடையில் இழுக்கும்போது அறுகாமல் நீளும். பச்சை முட்டை வெள்ளைக்குப் பதிலாகப் பாஸ்டரைஸ் செய்த முட்டை வெள்ளையைப் பயன்படுத்தலாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நான் அதைத்தான் பயன்படுத்தினேன், பேஸ்ட்டில் எந்தக் குறையும் தெரியவில்லை.

வகுப்பின் உண்மையான பலம் மூன்றாம் வாரத்திலிருந்து தெரிகிறது. கம் பேஸ்ட்டை எவ்வளவு மெலிதாக உருட்ட வேண்டும் என்று மில்லிமீட்டரில் சொன்னால் யாருக்கும் கையில் பிடிபடாது. அச்சிட்ட தாள் ஒன்றின் மேல் உருட்டிய பேஸ்ட்டைப் பரப்பி, அடியிலுள்ள எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பார்க்கச் சொன்னார் ஆசிரியர். படிக்க முடிந்தால் இதழ், முடியாவிட்டால் இன்னும் உருட்டு. இலைக்கும் கம்பி கோத்த இதழுக்கும் நடுவில் மட்டும் தடிப்பு வேண்டும் என்பதால், பள்ளம் வெட்டிய பலகையின் மேல் உருட்டுவார்கள். பள்ளத்தில் இறங்கிய பேஸ்ட் நரம்புபோல் நடுவில் நிற்க, அதற்குள் கம்பி நுழைகிறது. கம்பியின் நுனியை உண்ணத்தக்க பசையில் தொட்டு, இதழின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் செலுத்தி, அடியை விரலால் முறுக்கிவிட வேண்டும். கம்பியின் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதைப் பழகவே எனக்கு ஒரு வாரம் ஆனது: ரோஜாவின் காம்புக்கு 20, தனி இதழுக்கு 26 அல்லது 28, சிறு பூக்களுக்கு 30க்கு மேல்.

அடுத்தது பால் டூல். நுனியில் உருண்டை உள்ள அந்தக் கருவியை இதழின் ஓரத்தில் பாதியும் ஃபோம் பேடில் பாதியுமாகப் படிய வைத்து நகர்த்த வேண்டும். உருண்டை முழுவதும் இதழின் மேல் ஏறினால் குழி விழும். முழுவதும் வெளியே போனால் ஓரம் வெட்டுப்பட்ட காகிதம்போல் தடித்தே நிற்கும். மெல்ல நகர்த்தினால் ஓரம் மெலியும், அழுத்தி நகர்த்தினால் அலையாக நெளியும். ரோஜாவுக்கு நெளிவு வேண்டாம், பியோனிப் பூவுக்கு வேண்டும். கேட்கும்போது சிறிய வேறுபாடாகத் தோன்றும் இது, கையில் வருவதற்கு எனக்கு ஏறக்குறைய இருநூறு இதழ்கள் வீணாயின. ஆசிரியரின் கைகளை மேலிருந்து மட்டும் காட்டாமல், மேசையின் மட்டத்திலிருந்தும் ஒரு கேமரா காட்டியது பெரும் உதவி. கருவி எந்தச் சாய்வில் நிற்கிறது என்பது மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. நான் முன்பு பார்த்த இலவசக் காணொளிகள் எல்லாம் இந்த இடத்தில்தான் கைவிட்டன. உருட்டும்போது சோளமாவைத் தாராளமாகத் தூவும் என் பழக்கத்தையும் அவர் முதல் நேரலையிலேயே கண்டுபிடித்து நிறுத்தினார். சோளமாவு ஓரத்தை வறளச் செய்து விரிசல் விட வைக்கும். பலகையில் ஷார்ட்னிங்கை மெல்லிய படலமாகத் தேய்த்துக்கொண்டால் பேஸ்ட் ஒட்டவும் செய்யாது, வறளவும் செய்யாது.

ரோஜாவுக்கு இரண்டு வாரங்கள் ஒதுக்கியிருந்தார்கள். நான் மூன்று எடுத்துக்கொண்டேன். கம்பியில் கூம்பு ஒன்றைச் செய்து முதலில் ஒரு நாள் உலர விட வேண்டும். கூம்பு, கட்டரால் வெட்டிய இதழைவிடச் சற்றுக் குட்டையாக இருக்க வேண்டும். முதல் இதழ் கூம்பின் நுனியை முழுவதும் மறைத்துச் சுருளாகச் சுற்றிக்கொள்கிறது. அடுத்து மூன்று இதழ்கள், ஒவ்வொன்றும் முந்தியதன் ஓரத்துக்குள் நுழைந்து நிற்கின்றன. அதற்கு வெளியே ஐந்து. இவை நேராக ஒட்டப்படுவதில்லை. கரண்டிக் குழியில் சற்று நேரம் கிடந்து, வளைவைத் தாங்குமளவு இறுகி, அதே நேரத்தில் ஒட்டும்போது உடையாத இளக்கமும் இருக்கையில் பொருத்தப்பட வேண்டும். அந்த நேரம் எவ்வளவு என்பதைக் காணொளி சொல்வதில்லை, வெட்டிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. பின்னால் சொல்லப்போகும் குறையின் முதல் அறிகுறி இதுதான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். அரும்பு, முகை, போது, மலர், வீ, செம்மல் என்று பூவின் பருவத்துக்கெல்லாம் தனித்தனிச் சொல் வைத்திருக்கும் மொழியைப் பேசிக்கொண்டே, எல்லாப் பூவையும் முழுக்க விரிந்த ஒரே நிலையில் செய்துகொண்டிருந்தேன். ஐந்தாம் வாரத்தில் ஆசிரியர் ஒரே கம்பிக்கொத்தில் இறுக மூடிய மொட்டு ஒன்று, இதோ விரியப்போகிறது என்னும் நிலையில் ஒன்று, மலர்ந்தவை இரண்டு என்று அமைக்கச் சொன்னார். அந்த இரண்டாவதுதான் கடினமானது. ஒரே ஓர் இதழின் ஓரம் மட்டும் விலகி, மற்றவை இன்னும் முடிவெடுக்காததுபோல் நிற்க வேண்டும். அது கைகூடிய மாலையில், போது என்னும் சொல்லை முதன்முறையாகக் கையால் புரிந்துகொண்டேன். கொத்தில் பார்ப்பவர் கண் முதலில் போய் நிற்பதும் அந்தப் பூவின் மேல்தான்.

ஹைட்ரேஞ்சியாவும் பியோனியும் ஒப்பிட எளியவை, பொறுமையைத்தான் அதிகம் கேட்கின்றன. ஹைட்ரேஞ்சியாவில் நாம் இதழென்று எண்ணும் நான்கும் உண்மையில் புல்லிகள் என்பதால் நரம்பை அழுத்தமாகப் பதிக்கலாம் என்ற குறிப்பு பயனுள்ளது. ஒரு கொத்துக்கு ஐம்பதுக்கு மேல் சிறு பூக்கள் தேவைப்பட்டன. அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

வண்ணம் தீட்டும் பாடம் மிகச் சிறப்பாக அமைந்திருந்தது. பேஸ்ட்டை முதலிலேயே அடர்நிறமாக்காமல் வெளிறிய நிறத்தில் பிசைந்துவிட்டு, உலர்ந்த இதழின் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பெட்டல் டஸ்ட் என்னும் வண்ணத்தூளைத் தூரிகையால் தேய்க்க வேண்டும். இதழ் காம்போடு சேரும் இடத்தில் இளம்பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தைச் சற்றே தொட்டுவிட்டால் பூவுக்கு ஆழம் வருகிறது. முடிந்தபின் கொதிக்கும் நீரின் ஆவியில் இரண்டு மூன்று நொடிகள் காட்டினால், தூள் இதழில் படிந்து, காய்ந்த சுண்ணாம்புபோல் இருந்த தோற்றம் மறைந்துவிடுகிறது. நொடிகளை எண்ணிக் காட்ட வேண்டும். பத்து நொடி காட்டிய என் முதல் ரோஜா பளபளத்தது, பிறகு ஒட்டியது, பிறகு தலை கவிழ்ந்தது.

இனி குறைக்கு வருகிறேன். சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் பொருள்; மெலிதாக உருட்டிய சர்க்கரை இன்னும் விரைவாக இழுக்கும். இந்த வகுப்பு முழுவதும் வறண்ட, குளிரூட்டிய அறை ஒன்றில் படமெடுக்கப்பட்டிருக்கிறது. அதனால் அங்கே எல்லா இதழும் சொன்ன நேரத்தில் உலர்ந்துவிடுகிறது. மழை பெய்துகொண்டிருந்த வாரத்தில் நான் பியோனிக்காக இருபத்து நான்கு இதழ்களைச் செய்து உலர வைத்தேன். மறுநாள் காலையில் அவை கம்பியின் மேல் ஈரத்துணிபோல் தொங்கின. ஆறேழு இதழ்கள் கம்பியை விட்டே இறங்கியிருந்தன. காப்பாற்றலாம் என்று எண்ணி எஞ்சியவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தது என் தவறு. வெளியே எடுத்ததும் குளிர்ந்த இதழ்களின் மேல் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிந்து, இருந்த உருவமும் கரைந்தது. நேரலையில் இதைக் கேட்டபோது, நன்றாக உலர விடுங்கள் என்பதே விடையாக வந்தது. அது விடையன்று. உலரவில்லை என்பதுதானே கேள்வி.

பிறகு நானாகத் தேடியும் தோற்றும் அறிந்தவற்றை எழுதி வைக்கிறேன். வகுப்பில் இவற்றுக்கு ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்திருக்கும். ஈரப்பதமானி ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டேன். அது 70 விழுக்காட்டைத் தாண்டும் நாட்களில் மெல்லிய இதழ் வேலையைத் தொடுவதே இல்லை, கூம்பும் மகரந்தத்தாளும் மட்டும் செய்கிறேன். சூடாக்காத ஓவனில் விளக்கை மட்டும் எரியவிட்டு, அதனுள் இதழ்களை வைத்தால் அந்தச் சிறு வெப்பமே ஈரத்தைத் துரத்துகிறது. யாராவது தெரியாமல் ஓவனை மூட்டிவிடாதபடி கதவில் ஒரு சீட்டு ஒட்டுவது நல்லது. முழுவதும் உலராத பூவைக் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்தால் உள்ளே சிக்கிய ஈரமே அதை இளக்கிவிடும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் அட்டைப்பெட்டியில் வைத்தவை இரண்டு மாதங்களாக அப்படியே இருக்கின்றன. இளஞ்சிவப்பும் ஊதாவும் வெளிச்சத்தில் வெளுக்கும் என்பதால் பெட்டிக்கு மூடியும் தேவை.

இரண்டாவது குறையை நான் இன்னும் கடுமையாக எடுத்துக்கொள்கிறேன். கருவிப்பெட்டியில் வந்த ஆறு பெட்டல் டஸ்ட் குப்பிகளில் இரண்டின் மேல் நச்சற்றது என்று மட்டும் அச்சிட்டிருந்தது. உட்பொருள் பட்டியல் இல்லை. நச்சற்றது என்பதும் உண்ணத்தக்கது என்பதும் ஒன்றல்ல. கைவினைப் பொருளுக்கான வண்ணத்தூளையும் நச்சற்றது என்று சொல்லி விற்கலாம். உண்பதற்கென்று தயாரித்த தூளின் மேல் அப்படி எழுதியிருக்கும், உட்பொருள்களும் வரிசையாக அச்சாகியிருக்கும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2018ஆம் ஆண்டிலேயே கேக் செய்பவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சுட்டி எச்சரிக்கை விடுத்தது. அதே ஆண்டில் அந்நாட்டின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிறந்தநாள் கேக் ஒன்றின் மினுமினுப்புத் தூளிலிருந்த செம்பினால் குழந்தைகள் நோயுற்றார்கள் என்பதும் பொதுவில் பதிவான செய்தி. பூவை யாரும் தின்னப்போவதில்லை, எடுத்து வைத்துவிடுவார்கள் என்று ஆசிரியர் பதில் சொன்னார். தூள் உதிரும் பொருள் என்பதும், கேக்கின் மேல் அழகாக இருக்கும் எதையும் குழந்தை முதலில் வாயில்தான் வைக்கும் என்பதும் அவருக்குத் தெரியாதவை அல்ல. அந்த இரு குப்பிகளையும் நான் திறக்கவில்லை.

கம்பியைப் பற்றியும் இதே அலட்சியம் தெரிந்தது. நிறைவுப் பாடத்தில் கொத்தின் கம்பிக் காம்பை அவர் நேராகக் கேக்குக்குள் குத்தினார். காகிதம் சுற்றிய உலோகக் கம்பியும், மெழுகு பூசிய ஃப்ளோரல் டேப்பும் உணவைத் தொடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. போசி பிக் என்னும் சிறு பிளாஸ்டிக் குழலைக் கேக்கில் செருகி, அதற்குள் சிறிது ஃபாண்டன்ட் அடைத்து, கம்பியை அதில் நிறுத்துவதுதான் முறை. வெட்டும்போது குழலோடு உருவி எடுத்துவிடலாம். பெட்டியில் அந்தக் குழல் ஒன்றுகூட இல்லை.

பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்ததால் மற்றவற்றையும் சொல்லிவிடலாம். இரு பாதிகளாக அமைந்த சிலிக்கோன் வெய்னர்கள் மிக நல்லவை. இதழை நடுவில் வைத்து அழுத்தினால் இருபுறமும் நரம்பு ஓடுகிறது. ரோஜா கட்டர்களின் விளிம்பு கூர்மையாக இருந்தது. ஃபோம் பேடும் குறை சொல்ல முடியாதது. ஆனால் வகுப்பின் உயிர்நாடியான பால் டூல் பிளாஸ்டிக்கில், அதுவும் வார்ப்பின் இணைப்புக்கோடு உருண்டையின் நடுவே தெரியும்படி வந்திருந்தது. அந்தக் கோடு இதழில் கீறல் போட்டது. என் கையில்தான் பிழை என்று இரண்டு வாரங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். துருப்பிடிக்காத எஃகில் செய்த ஒன்றை வாங்கிய அன்றே கீறல் நின்றுவிட்டது. கட்டணத்தில் பெட்டியின் பங்கு எவ்வளவு என்று தனியே காட்டியிருந்தால், கருவிகளை நானே தேர்ந்து வாங்கியிருப்பேன்.

வாரத்துக்கு மூன்று மணி நேரம் போதும் என்கிறது அறிமுகப் பக்கம். எனக்கு ஒன்பது பத்து மணி நேரம் ஆனது. உலரக் காத்திருந்த நாட்களை அதில் சேர்க்கவில்லை. கேக் ஒன்றுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அதற்காகவே இதில் சேர நினைப்பவர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஒருமுறைகூடக் கட்டரைப் பிடிக்காதவருக்கு முதல் மூன்று வாரங்கள் வேகமாகத் தோன்றலாம். ஃபாண்டன்ட் பழகியவருக்கு வேகம் சரியாக இருக்கும். நேரலையில் ஆசிரியர் ஒவ்வொருவர் இதழையும் கேமராவுக்கு அருகில் காட்டச் சொல்லிப் பார்த்து, இந்த ஓரம், இந்த இடம் என்று குறிப்பாகத் திருத்துகிறார். பொதுப்படையாக நன்று என்று சொல்லிக் கடந்துபோன ஒரு தருணமும் எனக்கு நினைவில்லை.

அடுத்த நிலையில் ஆர்க்கிடும் லில்லியும் கற்றுத்தருகிறார்கள். கருவிப்பெட்டி இல்லாமல் பாடங்களுக்கும் நேரலைக்கும் மட்டும் சேர வழியிருக்கிறதா என்று எழுதிக் கேட்டேன். இருக்கிறது, கட்டணமும் அதற்கேற்பக் குறையும் என்று பதில் வந்தது. அந்த வழியில் பெயர் கொடுத்திருக்கிறேன், மழைக்காலம் முடிந்து தொடங்கும் அணியில்.